பொட்டாசியத்தின் பின்னால் அரை நூற்றாண்டு: கெர்ஹார்ட் கீபிஷின் ஆய்வுகளை எங்கிருந்து படிப்பது?

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர், தருமபுரியில் விலங்கியல் முதுகலை படிப்பவர், என்னிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். முதல் கேள்வி: "கருத்தரங்கில் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பங்களிப்பைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வந்த பெயர் கெர்ஹார்ட் கீபிஷ். சிறுநீரக உடலியங்கியல், அயனிக் கால்வாய் என்று நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றன சார். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை." இரண்டாவதைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கள் பெரியப்பா கிருஷ்ணகிரியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மாம்பழம், இளநீர் இரண்டும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் மாம்பழம் சாப்பிடாதே என்றால் எப்படி?"

தம்பி, இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடப் போனால் அது நேராக முதல் கேள்வியில் கொண்டுபோய் விடும். பெரியப்பாவின் கையில் கொடுத்த உணவுச் சீட்டில் மாம்பழத்துக்கும் இளநீருக்கும் நேரே இருக்கும் அந்தப் பெருக்கல் குறிக்குப் பின்னால் கீபிஷ் இருக்கிறார். நான் முப்பது வருடம் மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் நடத்தியவன். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் ஏழெட்டு மாமரங்களோடு ஓய்வில் இருக்கிறேன். அதனால் இந்த இரண்டு விஷயத்திலும் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கட்டுரைப் பட்டியலை வருட வரிசையில் வாசித்துக் காட்டாதீர்கள். இத்தனை கட்டுரை, இத்தனை விருது என்று எண்ணிக்கை சொல்லும் கருத்தரங்குகளில் நான் பலமுறை தூங்கியிருக்கிறேன். கீபிஷின் பட்டியலைப் பார்த்தால் நீர்நிலவாழ் விலங்கு, எலி, முயல், சுண்டெலி என்று பிராணிகள் மாறும்; கருவிகள் மாறும்; கூட எழுதியவர்கள் மாறுவார்கள். கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: சாப்பாட்டில் வந்த பொட்டாசியத்தைச் சிறுநீரகம் எந்த இடத்தில், எந்த வழியாக வெளியே தள்ளுகிறது? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் தானாகவே அடுக்கிக்கொள்ளும்.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம் சுமார் 3,500 மில்லிமோல் (ஒரு மில்லிமோல் பொட்டாசியம் என்பது சுமார் 39 மில்லிகிராம்). அதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே. ரத்தத்தையும் சேர்த்து, செல்களுக்கு வெளியே உள்ள திரவம் சுமார் 14 லிட்டர். அதில் லிட்டருக்கு 4 மில்லிமோல் வீதம் மொத்தம் 60கூட வராது. நாம் ஒரு நாளில் சாப்பிடுவதோ 50 முதல் 100. அதாவது வெளியே இருக்கும் மொத்தச் சரக்குக்குச் சமமாக, சில நாள் அதற்கு மேலாகவே, தினமும் வாய் வழியே வந்துகொண்டிருக்கிறது. வந்ததை உடம்பு முதலில் செல்களுக்குள் ஒதுக்கி வைக்கிறது, அப்புறம் நிதானமாகச் சிறுநீரில் அனுப்புகிறது. சுமார் 90 சதவீதம் சிறுநீரில், மிச்சம் மலத்தில். இந்த ஏற்பாடு தவறினால் அடி விழுவது இதயத்துக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது சிறுநீரகத்தின் பக்கம் போவோம். தினமும் சுமார் 180 லிட்டர் திரவம் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் வழியாக வடிகட்டப்பட்டு, மெல்லிய குழல்களில் இறங்குகிறது. 180ஐ 4ஆல் பெருக்கினால் 720 மில்லிமோல் பொட்டாசியம். சிறுநீரில் போவது, சாப்பாட்டைப் பொறுத்து, 90 என்று வையுங்கள். யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள்? 720 வடிந்தது, 630ஐத் திரும்ப எடுத்துக்கொண்டது, 90ஐ விட்டுவிட்டது, அவ்வளவுதானே என்பார்கள். பார்வைக்கு நியாயமான விடை. ஆனால் தவறான விடை. 1940களின் இறுதியில் ராபர்ட் பெர்லினரும் வேறு சிலரும் இதில் ஓட்டை இருப்பதைக் கண்டார்கள். பொட்டாசியத்தை அதிகம் கொடுத்தால், வடிந்த அளவைவிட அதிகமாகவே சிறுநீரில் வருகிறது. வடிந்ததைவிட அதிகம் வர வேண்டுமென்றால், குழலின் சுவரே அதைச் சுரந்து உள்ளே விட்டாக வேண்டும். பெர்லினர் இன்னும் ஒரு படி மேலே போய், வடிந்த பொட்டாசியம் கிட்டத்தட்ட எல்லாமே திரும்ப எடுக்கப்பட்டுவிடுகிறது, சிறுநீரில் நாம் பார்ப்பது புதிதாகச் சுரந்தது என்று ஊகித்தார்.

ஊகம் அருமைதான், ஆனால் அவர்கள் கையில் இருந்தது கடைசியில் வரும் சிறுநீர் மட்டும். ஊருக்கு வெளியே சாக்கடை முடியும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தத் தெருவில் எந்த வீட்டுத் தண்ணீர் சேர்ந்தது என்று சொல்ல முயல்வதைப் போல. நடுவில் எட்டிப் பார்க்க யாராவது வேண்டும்.

அங்கேதான் கீபிஷ் வருகிறார். 1927இல் வியன்னாவில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போய், நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் பிட்ஸின் துறையில் சேர்ந்தார். 1968இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2020இல் மறையும்வரை அந்த இடத்தோடுதான் அவர் பெயர் ஒட்டியிருந்தது. வாழ்க்கைக் குறிப்புக்கு இது போதும். கருத்தரங்கில் இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அவருடைய ஆரம்ப வேலை நெக்டூரஸ் என்ற நீர்வாழ் சாலமாண்டரில். தவளைக்குத் தூரத்துச் சொந்தம். அதன் சிறுநீரகக் குழல்களும் செல்களும் பெரியவை, அதனால் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செல்லுக்குள் குத்தி மின்னழுத்தம் அளக்க வசதி. 1958இல் ஒற்றை நெஃப்ரானின், அதாவது ஒரு வடிகட்டியும் அதன் குழலும் சேர்ந்த சிறுநீரக அலகின், மின்னழுத்தத்தை அளந்து எழுதினார். "மின்னழுத்தம் எதற்கு, பொட்டாசியம்தானே பேச்சு?" என்று யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள். பொட்டாசியம் மின்சுமை உள்ள அயனி. அது எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்பதை அடர்த்தி மட்டும் சொல்லாது, மின்னழுத்தமும் சேர்ந்துதான் சொல்லும். இரண்டும் தெரியாமல் "சுரக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்தது நுண்துளைப்பு. உயிரோடு மயக்கத்தில் இருக்கும் எலியின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மேற்பரப்பில் தெரியும் ஒரு குழலில் கண்ணாடிப் பைப்பெட்டைக் குத்தி, சில நானோலிட்டர் திரவத்தை உறிஞ்சி எடுப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் 50 மைக்ரோலிட்டர் என்றால், இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குழலின் விட்டம் நம் தலைமுடியின் பாதிகூட இருக்காது. இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர்கள் பென்சில்வேனியாவில் வேர்னும் ரிச்சர்ட்ஸும், 1924இல், தவளையில். நான் மேற்படிப்பு படிக்கும்போது, பைப்பெட் இழுக்கும் கருவி இல்லாத ஆய்வகத்தில், ஸ்பிரிட் விளக்கில் கண்ணாடிக் குழாயைக் காட்டி இழுத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் நுனி உடைந்த எழுபது எண்பது குழாயும் விரலில் இரண்டு கொப்புளமும்தான் மிச்சம். தவளையின் குழலைக் குத்துவதெல்லாம் அப்புறம். அதனால் இந்த வேலையைச் செய்தவர்கள்மீது எனக்கு ஒரு தனி மரியாதை, மறைப்பானேன்.

1964இல் வந்த கட்டுரைதான் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது. மால்னிக், க்ளோஸே, கீபிஷ் மூவரும் எழுதியது. கெர்ஹார்ட் மால்னிக் பிரேசிலின் சாவ் பாவ்லோவைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அங்கேயே பெரிய ஆய்வு மரபை வளர்த்தார். எலிகளில் சிலவற்றுக்கு வழக்கமான தீனி, சிலவற்றுக்குப் பொட்டாசியம் குறைந்த தீனி, சிலவற்றுக்கு நிறைந்த தீனி. குழலின் வெவ்வேறு இடங்களில் திரவத்தை எடுத்து அளந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, விடாமல் சொல்லுங்கள். குழலில் பொட்டாசியம் அடர்ந்திருந்தால், பொட்டாசியம் சேர்ந்ததாலா, இல்லை தண்ணீர் போனதாலா? குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும், யாரும் உப்புப் போடாமலேயே. அதைப் பிரித்தறிய இனுலின் என்ற மாவுப்பொருளை ரத்தத்தில் செலுத்துவார்கள். அது வடியும், ஆனால் குழல் அதைத் திரும்ப எடுக்காது, சுரக்கவும் செய்யாது. ஓர் இடத்தில் இனுலின் மூன்று மடங்கு அடர்ந்திருந்தால் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். பொட்டாசியம் ரத்தத்தைவிட எத்தனை மடங்கு அடர்ந்திருக்கிறது என்பதை இனுலினின் மடங்கால் வகுத்தால், வடிந்த பொட்டாசியத்தில் எத்தனை பங்கு அந்த இடத்தில் மிச்சமிருக்கிறது என்று கிடைத்துவிடும். கணக்கு இவ்வளவுதான். அந்த இரண்டு எண்ணை நானோலிட்டர் திரவத்தில் அளப்பதுதான் கஷ்டம்.

கிடைத்த விடை இது. எந்தத் தீனி தின்ற எலியாக இருந்தாலும், திரவம் தொலைக்குழலின் (குழலின் பிற்பகுதியின்) தொடக்கத்துக்கு வரும்போது வடிந்ததில் சுமார் 10 சதவீதம்தான் மிச்சம். அதுவரை எல்லா எலியும் ஒன்றுபோலத்தான். வித்தியாசம் எல்லாம் அதற்குப் பிறகு. நிறையத் தின்ற எலியில் தொலைக்குழலிலிருந்து பொட்டாசியம் கிடுகிடுவென்று ஏறுகிறது, சுவர் சுரந்து தள்ளுகிறது. குறைவாகத் தின்ற எலியில் சுரப்பு நின்றே போய், இருப்பதிலும் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆக, பட்ஜெட் போடும் இடம் தொலைக்குழலும் அதையடுத்த சேகரிப்புக் குழலும்தான். பெர்லினரின் ஊகத்துக்கு இடம், அளவு, திசை மூன்றும் கிடைத்தன.

அடுத்த பத்துப் பதினைந்து வருடம், அந்த இடத்தை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்ற வேலை. குழலில் ஓட்டம் வேகமானால் சுரப்பு கூடும் என்பது 1975இல் வந்தது. சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குவதன் காரணம் பாதி அதில் இருக்கிறது. ஆனால் நான் நிற்க விரும்புவது 1971ஆம் வருடக் கட்டுரையில்: மால்னிக், மெல்லோ ஐரெஸ், கீபிஷ். ரத்தம் அமிலமானால் தொலைக்குழலில் பொட்டாசியச் சுரப்பு குறைகிறது, காரமானால் கூடுகிறது. மருத்துவர்கள் படுக்கையருகே ஏற்கெனவே பார்த்திருந்த விஷயத்துக்கு இடம் காட்டினார்கள். எப்படி என்று அப்போது சொல்ல முடியவில்லை. இந்த இழையை மனத்தில் முடிந்து வையுங்கள், இருபது வருடம் கழித்து அவிழ்க்கப் போகிறோம்.

சரி, அயனிக் கால்வாய்க்கு வருவோம். புத்தகத்தில் கால்வாய் என்று போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வகுப்பில் சேனல் என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே. கால்வாய் எப்போதும் திறந்தே கிடக்கும்; இது கே.ஆர்.பி. அணையின் மதகு மாதிரி திறக்கும், மூடும்.

சேனல் எதற்கு? செல்லின் சவ்வு கொழுப்பு. மின்சுமை உள்ள பொட்டாசியம் கொழுப்பைக் கடக்காது, அதற்கென்று ஒரு புரதத் துளை வேண்டும். இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஃப்ளோரைடை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. உடம்பில் சேரும் ஃப்ளோரைடை வெளியேற்றும் முக்கிய வழியும் சிறுநீரகம்தான். ஃப்ளோரைடும் மின்சுமை உள்ள அயனி. ஆனால் சிறுநீர் அமிலமாக இருந்தால் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து, சுமையில்லாத ஹைட்ரஜன் ஃப்ளோரைடாகி, சேனல் எதுவும் இல்லாமலே கொழுப்புச் சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சிறுநீர் காரமாக இருந்தால் தாண்ட முடியாமல் வெளியே போகும். பொட்டாசியத்துக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. (பாக்டீரியாக்களுக்கு ஃப்ளோரைடை வெளியே விடவென்றே தனிச் சேனல் இருக்கிறது. நமக்கு அது இல்லை. இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.)

தொலைக்குழலின் முதன்மைச் செல்லில் நடப்பது இது. ரத்தப் பக்கச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. ஸ்கோ 1957இல் கண்டுபிடித்தது, நோபல் வந்தது 1997இல். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துக் குவிக்கிறது. சிறுநீர்ப் பக்கச் சவ்வில் சோடியம் உள்ளே வர ஒரு சேனல். சுமையோடு சோடியம் உள்ளே போய்விடுவதால் குழலின் உட்பக்கம் எதிர்மின்னாகிறது, அது பொட்டாசியத்தை வெளியே வா என்று இழுக்கிறது. வெளியே வர ஒரு கதவு வேண்டுமே, அது எது? இதுதான் 1980களின் கேள்வி.

நேயரும் சாக்மனும் 1976இல் கொண்டுவந்த பேட்ச் கிளாம்ப் முறையால் ஒற்றைச் சேனல் திறந்து மூடுவதையே பார்க்க முடிந்தது. பைப்பெட்டின் நுனியைச் சவ்வில் ஒட்டவைத்து, அந்தத் துளியூண்டு சவ்வில் இருக்கும் ஓரிரு சேனல்களின் மின்னோட்டத்தை அளப்பார்கள். ஓட்டம் பிகோஆம்பியர் கணக்கில். ஆம்பியரை லட்சம் கோடியால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த இருவருக்கும் 1991இல் நோபல்.

கீபிஷ் அப்போது அறுபதை நெருங்குபவர். நுண்துளைப்பில் பெயர் வாங்கியவர் அதிலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் புதுக் கருவிக்கு மாறினார். 1984இல் ஹன்டர், லோப்ஸ், போல்பேப், கீபிஷ் நால்வரும் முயலின் சேகரிப்புக் குழலில் சிறுநீர்ப் பக்கச் சவ்வில் ஒரு பொட்டாசியச் சேனலைப் பதிவு செய்தார்கள். பெரிய மின்னோட்டம் தரும் சேனல், கால்சியத்தால் திறப்பது. பிற்பாடு மேக்சி-கே என்று அழைக்கப்பட்ட இனம். தேடிய கதவு இதுதான் என்று தோன்றும் அல்லவா? சங்கடம் என்னவென்றால், சாதாரண நிலையில் அது பெரும்பாலும் மூடியே கிடந்தது. மூடிக் கிடக்கும் கதவு வழியாகத் தினசரிச் சரக்கு எப்படிப் போகும்?

சில வருடத்தில் இன்னொரு சேனல் தென்பட்டது. கார்னெலில் ஃப்ரிண்ட்டும் பால்மரும் 1989இல் எழுதினார்கள். யேலில் வென்ஹுய் வாங்கும் கீபிஷும் 1990இல். மின்னோட்டம் சிறியது, ஆனால் கிட்டத்தட்ட எந்நேரமும் திறந்தே இருப்பது. இதன் குணங்களைப் பார்க்கும்போதுதான் 1971இல் முடிந்து வைத்த இழை அவிழ்கிறது. சவ்வின் உட்பக்கத்தைச் சற்றே அமிலமாக்கினால் இந்தச் சேனல் மூடிக்கொள்கிறது. முழு எலியில், ஒற்றைக் குழலில், இப்போது ஒரே ஒரு மூலக்கூறில் அதே பதில். பத்தொன்பது வருட இடைவெளி, அதே கேள்வி, அதே ஆள். கருத்தரங்கில் ஒரே ஒரு படம் காட்ட அனுமதி என்றால் இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இனி மரபணு. இதைச் செய்தவர் ஸ்டீவன் ஹெபர்ட், அப்போது ஹார்வர்டில். எலியின் சிறுநீரகத்தில் வெளி மெடுல்லா என்ற உட்பகுதியிலிருந்து தூது ஆர்.என்.ஏ.வை எடுத்து, ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டையில் செலுத்தினால், முட்டை அந்தப் புரதங்களைத் தயாரித்துத் தன் சவ்வில் பதித்துக்கொள்ளும். எந்தக் கலவையில் பொட்டாசிய ஓட்டம் வருகிறதோ அதைப் பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு மரபணுவில் வந்து நிற்பார்கள். மூட்டைப் பயறில் ஒரு கல்லைத் தேடுகிற வேலை. கெவின் ஹோ முதல் பெயராக 1993இல் வெளிவந்தது. 391 அமினோ அமிலம், சவ்வை இரண்டே முறை கடக்கும் புதுவகைப் பொட்டாசியச் சேனல். எலி, வெளி மெடுல்லா, பொட்டாசியம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ரோம்-கே என்று பெயர். அதே 1993இல் ஹெபர்ட்டின் கூட்டத்திலிருந்து தயசைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்து வேலை செய்யும் உப்புக் கடத்திப் புரதமும், எட்வர்ட் பிரவுனோடு சேர்ந்து கால்சியத்தை உணரும் ஏற்பியும் வெளிவந்தன. ஒரே வருடத்தில் மூன்று. ஒரு ஆய்வகத்துக்கு ஆயுளில் ஒன்று வாய்த்தாலே போதும் என்பேன்.

பிறகு ஹெபர்ட் யேலுக்கே வந்து, கீபிஷ் ஒருகாலத்தில் தலைமை வகித்த துறைக்குத் தலைவரானார். பெரியவரும் இளையவரும் சேர்ந்து வேலை செய்த அந்த எட்டு வருடம் என் பார்வையில் இந்தக் கதையின் உச்சம். 2002இல் ரோம்-கே மரபணு நீக்கிய சுண்டெலியில் பார்த்தார்கள். 1989, 1990இல் கண்ட அந்தச் சிறிய சேனல் அடியோடு காணோம். ஆக, பைப்பெட்டில் பார்த்ததும் முட்டையில் பிடித்ததும் ஒன்றே என்று உறுதியாயிற்று.

ஆனால் அங்கேயே ஒரு புதிரும் எழுந்தது. ரோம்-கே கெட்டுப்போன குழந்தைகள் உண்டு. 1996இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு, சிறுநீரில் உப்பை இழக்கும் பரம்பரை நோயான பார்ட்டர் நோயின் ஒரு வகைக்குக் காரணம் இந்தச் சேனலின் மரபணுக் கோளாறு என்று காட்டியது. பொட்டாசியம் வெளியேறும் கதவே இல்லாத குழந்தைக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற வேண்டும்தானே? பிறந்த சில நாள் அப்படித்தான் ஏறுகிறது. அப்புறம் தலைகீழ்: இறங்கிவிடுகிறது, சிறுநீரில் அளவுக்கு மேல் போகிறது. கதவில்லாமல் எப்படிப் போகிறது?

இதற்கு ரோம்-கேயின் இன்னொரு வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைக்குழலுக்கு முன்னால் வரும் ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் ஒரு கடத்திப் புரதம் சோடியம் ஒன்று, பொட்டாசியம் ஒன்று, குளோரைடு இரண்டு என்று கட்டாகத்தான் உள்ளே எடுக்கும். குழலில் சோடியம் ஏராளம், பொட்டாசியம் கொஞ்சம். எடுத்த பொட்டாசியத்தை ரோம்-கே வழியாகக் குழலுக்கே திருப்பி விட்டால்தான் வண்டி ஓடும். கண்டக்டர் சில்லறையைச் சுழற்சியில் வைத்திருப்பதைப் போல. ரோம்-கே இல்லாவிட்டால் கடத்தி நின்றுபோகும், உப்பும் தண்ணீரும் வெள்ளமாகக் கீழே போகும், சோடியத்தைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தைத் தள்ளச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறும். இப்போது தொலைக்குழலில் திரவ ஓட்டம் பலமடங்கு. அந்த ஓட்டத்தில் எது திறந்தது தெரியுமா? 1984இல் முயலில் கண்டு, மூடியே கிடக்கிறது என்று ஓரங்கட்டப்பட்ட அந்த மேக்சி-கே. 2006இல் வந்த கட்டுரை, ரோம்-கே இல்லாத சுண்டெலியில் பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் மேக்சி-கேக்குப் பங்கு உண்டு, பொட்டாசியம் மிகுந்த தீனிக்குப் பழகும்போதும் அதற்கு வேலை இருக்கிறது என்று காட்டியது. ஆசிரியர் வரிசையில் கீபிஷ், ஹெபர்ட் இருவரும் இருக்கிறார்கள். பிறந்த சில நாள் பொட்டாசியம் ஏறுவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது: பிறந்த குழந்தையின் குழலில் மேக்சி-கே இன்னும் வேலைக்கு வந்திருக்காது.

1984இல் "இது தினசரிக் கதவு இல்லை" என்று தெரிந்ததும் அதைக் குப்பையில் போட்டிருந்தால்? கட்டுரை எண்ணிக்கையில் இது வராது. ஒரே கேள்வியை விடாமல் பிடித்திருந்தவருக்கு, 22 வருடத்துக்கு முந்தைய விடை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. ஹெபர்ட் 2008இல் காலமானார், கீபிஷுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே.

இப்போது பெரியப்பா. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் அதிகமாகப் பொட்டாசியம் சுரந்து ஈடுகட்டும். அதனால்தான் பாதிச் சிறுநீரகம் போனவருக்கும் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். டயாலிசிஸ் நிலைக்கு வந்தபின் ஈடுகட்ட ஆள் இல்லை. இயந்திரம் ஒருமுறை நான்கு மணி நேரத்தில் 100 மில்லிமோலை ஒட்டித்தான் எடுக்கும். வாரத்துக்கு மூன்று முறை என்றால் 300. நாம் சாதாரணமாகச் சாப்பிடுவது தினம் 70 என்றாலே வாரத்துக்கு 490. மலத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் கணக்கு இடிக்கிறது பாருங்கள். அதனால்தான் உணவில் கைவைக்கிறார்கள்.

இளநீரில் 100 மில்லிக்கு 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு காயில் 300 மில்லி என்றால் 600 முதல் 750 மில்லிகிராம், அதாவது 15 முதல் 19 மில்லிமோல். செல்களுக்கு வெளியே மொத்தமே 60கூட இல்லை என்றேனே, அதோடு ஒப்பிடுங்கள். அதுவும் தண்ணீராக, ஒரே மூச்சில், சீக்கிரம் ரத்தத்தில் சேரும். எங்கள் ஊரில் தெரிந்தவர் ஒருவர் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளியில், வெயிலுக்கு இதமாக என்று நெடுஞ்சாலையோரம் இரண்டு காய் குடித்துவிட்டு வந்தார். ராத்திரி கால் தூக்க முடியவில்லை. இ.சி.ஜி.யில் டி அலை கூடாரம் மாதிரி நின்றது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இதயம் ஏன் தடுமாறுகிறது என்றால், இதயச் செல்லின் ஓய்வு மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பதே உள்ளே உள்ள பொட்டாசியத்துக்கும் வெளியே உள்ளதற்கும் இடையிலான விகிதம்தான். உள்ளே 140, வெளியே 4 என்றால் பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தம் சுமார் மைனஸ் 95 மில்லிவோல்ட். வெளியே 7 ஆனால் மைனஸ் 80. செல்லின் அழுத்தமும் அதோடு நகரும், சோடியம் சேனல்கள் பாதி செயலற்றுப் போகும், துடிப்பின் ஒழுங்கு குலையும்.

மாம்பழம் இவ்வளவு மோசமில்லை. 100 கிராமுக்கு 170 மில்லிகிராம் அளவில்தான். ஆனால் மே மாதம் செந்தூராவை 100 கிராம் எடை போட்டுச் சாப்பிடும் ஆளை நான் கிருஷ்ணகிரியில் பார்த்ததில்லை. எல்லாரும் பழத்தைப் பற்றியே பயப்படுகிறார்கள், களியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேழ்வரகு மாவு 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொள்ளில் அதைவிட அதிகம். அதைவிட ஆபத்து, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் போட்டிருப்பார்கள். வீட்டில் அந்தப் பாக்கெட் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு இளநீர் வேண்டவே வேண்டாம். மாம்பழத்துக்கு, கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பாருங்கள். 5க்குப் பக்கத்தில் இருந்தால், வாரத்தில் எந்த நாள், எத்தனை கீற்று என்று அவருடைய சிறுநீரக மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். ஒரேயடியாக முடியாது என்று சொல்வார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், பலர் ஒன்றிரண்டு கீற்றுக்கு வழி சொல்வார்கள். கருத்தரங்குக்கு 1964, 1971, 1984, 1990, 2002, 2006 ஆகிய ஆறு கட்டுரைகள் போதும். இருபது நிமிடம் என்றால் அதில் பன்னிரண்டு நிமிடத்தை 1964க்கும் 2006க்கும் கொடுங்கள். இனுலின் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், ஸ்லைடில் போடாதீர்கள்.